நதீரா வீட்டுச் சுடுதண்ணீர்

எங்கள் ஊர்ப்பக்கம் வீடு பெண் பிள்ளைக்குத்தான். கல்யாணத்தோடு வீடு நதீராவுக்கு வந்தது. வீட்டோடு உம்மாவும் வந்தார். அவளுடைய அண்ணன் றாஸிக் நானா மனைவியின் வீட்டுக்குப் போய், பிறகு கட்டாருக்கும் போய்விட்டார்.

உம்மா ஸுஹைறாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நோயாளி பராமரிப்புப் படித்தவள் நான்; சின்னம்மா முறை வைத்து என்னைச் சாச்சி என்பார்கள். காலையில் போய்க் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கட்டிலில் சாய்த்துவிட்டு வருவேன். தண்ணீர் சுடவைப்பது நதீராவின் வேலை. கணவர் அபூசாலி விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவார். அவள்தான் பெரிய பானையை அடுப்பில் ஏற்றி, வாளியில் தூக்கி வந்து, பச்சைத்தண்ணீர் கலந்து தரவேண்டும். அது முடியக் காலையும் முடிந்துவிடும்.

அவள் பாலர் பாடசாலை ஆசிரியைக்கான டிப்ளோமா எடுத்தவள். பிள்ளைகள் வளரட்டும் என்று இருந்தாள். பிள்ளைகள் வளர்ந்தார்கள், உம்மா விழுந்தார். இந்த வருடம் பக்கத்துப் பாலர் பாடசாலையில் வரச்சொல்லிக் கேட்டார்கள். இதையும் விட்டால் இனிக் கேட்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

லீவில் வந்த றாஸிக்கிடம் சொன்னாள். தாமதம் எல்லாம் தண்ணீரால்தான் என்று அவர் முடிவுகட்டினார். குழாயில் ஓடும்போதே தண்ணீரைச் சூடாக்கும் சின்ன ஹீட்டர் ஒன்றைக் குளியலறைச் சுவரில் பூட்டுவித்தார்.

“இனி சுவிச்சப் போட்டாச் சரி. சாச்சி தனியப் பாத்துக்குவா, நீ போ,” என்று சொல்லிவிட்டுக் கட்டாருக்குத் திரும்பினார்.

நதீரா வேலைக்குப் போகும் முதல் நாள். அபாயா உடுத்து நின்றாள். நான் உம்மாவைக் கதிரையில் இருத்தி, சூட்டைக் கையில் பார்த்துவிட்டு ஷவரை முதுகில் பிடித்தேன். தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒழு எடுத்துக்கொண்டு இறங்குவோம் என்று நதீரா பின்பக்கத்துப் பைப்பைத் திறந்தாள். எல்லாம் ஒரே குழாய். இங்கே ஓட்டம் குறைந்தது. குறைந்த தண்ணீர் கொதித்துக்கொண்டு வந்தது. நான் ஷவரை விலக்குமுன் உம்மாவின் வலது தோள் சிவந்துவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் நதீரா ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

காயம் பெரிதில்லை. பச்சைத்தண்ணீர் ஊற்றி ஆற்றினேன். ஆனால் உம்மா மகளின் கையைப் பிடித்தவர் விடவில்லை.

“நீ போனா என்னை அவிச்சுப் போடுவாங்க மகள்.”

“சாச்சி நிக்கிறாதானே உம்மா.”

“சாச்சிதானே அவிச்ச.”

பயந்த நோயாளியிடம் நியாயம் பேசிப் பலனில்லை. நதீரா அபாயாவைக் கழற்றிவிட்டு, தானே குளிப்பாட்டி முடித்தாள். நாளைக்கு வருவதாகப் பாலர் பாடசாலைக்குத் தொலைபேசியில் சொன்னாள். மறுநாளும் உம்மா கையை விடவில்லை.

றாஸிக் அங்கிருந்தே ஆள் பிடித்து ஹீட்டருக்குத் தனிக் குழாய் போடுவித்தார். இப்போது வீட்டில் எந்தப் பைப்பைத் திறந்தாலும் சூடு மாறுவதில்லை. உம்மாவுக்கு அது கணக்கில்லை. மகள் பிடிக்காமல் ஒரு சொட்டையும் மேலில் படவிடமாட்டார். பானையில் சுட்ட காலத்தில் நதீரா வாளியைத் தந்துவிட்டுச் சமையலைப் பார்க்கக் குசினிக்காவது போவாள். இப்போது முடியும்வரை உள்ளேயே நிற்கிறாள். நான் சவர்க்காரம் எடுத்துக் கொடுக்கிறேன். பாலர் பாடசாலைக்கு வேறொரு பெண்ணை ஆசிரியையாக எடுத்துவிட்டார்கள்.

போன கிழமை உம்மாவுக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது றாஸிக் கட்டாரிலிருந்து தொலைபேசி எடுத்தார். இப்ப லேசுதானே என்று அவர் கேட்டது என் காதிலும் விழுந்தது.

“ஓம் நானா, தண்ணி நல்லா வருது,” என்றாள் நதீரா. வைத்துவிட்டு, உம்மாவின் மற்றக் கையைச் சட்டைக்குள் விட்டாள்.