போகிக்கு அழித்த கருவிகள்

எல்லாவற்றையும் ஒரே ஒன்றிடம் ஒப்படைப்பது என்றாலே எனக்குப் பயம். ஆபீஸில் அப்படியொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே நான்தான் என்பது வேடிக்கை.

பாலக்கரையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி, நான், ஜீயபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் என்று மூன்றே பேர். ஒரு டயாலிசிஸ் சென்டருக்குப் புரோகிராம் எழுதியிருந்தோம். நாளைக்கு யாருக்கு எந்த நேரம் என்று முதல் நாள் மாலையே நோயாளிகளின் போனுக்கு அது மெசேஜ் அனுப்பும். அந்த நோயாளிகளில் என் அப்பாவும் ஒருவர். ஒரு முறை தவறினாலே அவருக்கு மூச்சு முட்டும்.

அந்தப் புரோகிராம் மூன்று மொழிகளில் எழுதப்பட்டது. ஒவ்வொரு மொழிக்கும் கருவிகளைத் தனித்தனியாக இறக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டரில் ஓடுவது இன்னொன்றில் முரண்டு பிடிக்கும். இந்த அக்கப்போர் தாங்காமல்தான் எல்லா மொழிகளுக்கும் பொதுவாக ஒரு பேக்கேஜ் மேனேஜரைக் கொண்டுவந்தேன். எந்தக் கருவி, எந்த வெர்ஷன் என்று ஒரே ஃபைலில் எழுதிவிட்டால், ஒரே கட்டளையில் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் இறங்கிவிடும். மெசேஜ் அனுப்பும் பகுதியை மட்டும் பயந்துகொண்டு அதில் சேர்க்காமல் வைத்திருந்தேன்.

போகியன்று காலை முதலாளிக்கு உற்சாகம் பிறந்தது.

“பழசைக் கழிக்கிற நாளும்மா. மிச்சத்தையும் சேர்த்துட்டு, பழைய கருவியெல்லாம் தூக்கிடுங்க.”

“பொங்கல் முடியட்டும் சார். லீவுக்காக நாளைக்கு எல்லாருக்கும் நேரம் மாறியிருக்கு,” என்றேன்.

“இவ்ளோ பயந்தா எப்படிம்மா?”

ஜீயபுரத்துப் பெண் சிரித்துக்கொண்டே சர்வர் உட்பட ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் பழையதை அழித்தாள். மெசேஜ் பகுதியின் கருவிக்கு ஃபைலில் வெர்ஷன் எண் போடாமல், எது புதிதோ அது என்று எழுதிவிட்டாள்.

மாலையில் மெசேஜ் போகவில்லை. புதிய வெர்ஷனில் அந்தப் பகுதி ஓடவே மறுத்தது. பழைய வெர்ஷன் எண் யாருக்கும் நினைவில்லை. மாறிய நேரங்களைப் பார்ப்பதற்கும் அதே பகுதிதான் ஓட வேண்டும்; போன் செய்து சொல்லக்கூட வழியில்லை.

அப்பா போன் செய்தார். “மெசேஜ் வரலையேம்மா. நாளைக்கு எனக்கு இல்லையோ?”

இன்னும் எத்தனை வீடுகளில் இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பார்களோ என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

“என்னாலதான்க்கா,” என்று அவளும் அழுதாள்.

முதலாளி தொண்டையைச் செருமினார். “என் லேப்டாப்ல நான் எதையும் அழிக்கலம்மா. மனசு வரல.”

ஊரார் வீட்டுப் பழசையெல்லாம் கொளுத்தச் சொன்ன மனுஷன்! பிடுங்காத குறையாக லேப்டாப்பை வாங்கினேன். அதில் பழைய எண் இருந்தது. ஃபைலில் அந்த ஒரு வரியைத் திருத்திக் கட்டளையைத் தட்டினேன். சர்வரும் மற்றவையும் ஒன்றாக உயிர்பெற்றன. மெசேஜ்கள் போயின. நிம்மதிதான் வரவில்லை. இவையெல்லாம் விழுந்ததும் அதே ஒரு வரியில்தான்.

காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வந்தபோது அப்பா போனும் கையுமாக வாசலில் நின்றார். கால் வீங்கியிருந்தது.

“வந்துடுச்சும்மா. வழக்கம்போல பத்து மணின்னு நினைச்சேன், காலைல அஞ்சு மணிக்கே வரச் சொல்லுது. உங்க மெசேஜை நம்பித்தான் நாங்க இருக்கோம்னு அங்க எல்லார்கிட்டயும் சொல்லுவேன். அது ஒருநாளும் தப்பாது.”

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றேன்.