கல்லைக் கறந்து காட்டியவள்

ஹஃப்ஸா என்ன வேலை பார்க்கிறாள் என்று வேலந்தாவளத்தில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நகைக்கல் வியாபாரம் என்பார் ஒருவர். ஸ்கேன் சென்டர் என்பார் இன்னொருவர். இரண்டாமவர் சொல்வது பாதி சரி. எண்ணெய்க் கிணற்றின் அடியிலிருந்து எடுத்த பாறைத் துண்டை ஸ்கேன் செய்து, கண்ணுக்குத் தெரியாத அதன் துளைகளைக் கணினியில் அப்படியே எழுப்பி, அதற்குள் எண்ணெய் எப்படி ஓடும் என்று ஓட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனி. தினமும் கேரள எல்லை தாண்டி பஸ்ஸில் போய்வருகிறாள்.

அவள் அத்தா பரீது மாட்டுச் சந்தையில் தரகர். முந்தின வேளை கறக்காமல் விட்டு, மடியைப் புடைக்க வைத்து மாட்டை ஓட்டி வருகிறவர்கள் எந்தச் சந்தையிலும் உண்டு. பரீதிடம் அது நடக்காது. முதலில் ஒட்டக் கறக்கச் சொல்வார். அடுத்த வேளையும் கறந்து பார்த்த பிறகுதான் விலை பேசுவார். அவர்மேல் வயிற்றெரிச்சல் பட்டவர்கள் நிறையப் பேர். அவர் சட்டை செய்ததில்லை. அந்தத் திமிர் கொஞ்சமும் குறையாமல் மகளுக்கு வந்திருக்கிறது.

முழுக் கல்லையும் ஓட்டக் கணினிக்கு நாள் பிடிக்கும். அதனால் நடுவில் ஒரு துண்டை மட்டும் வெட்டி ஓட்டுவது அந்தத் தொழிலில் வழக்கம். துண்டு முழுக் கல்லின் சாடையில் இருந்தால் தப்பில்லை. இந்த முறை ஹஃப்ஸாவிடம் வந்த கல்லில் மேல்பக்கம் குறுக்கே மெல்லிய களிமண் படலம் ஒன்று ஓடியது. நடுத்துண்டில் எண்ணெய் வாய்க்கால் தண்ணீராகப் பாய்ந்தது. முழுக் கல்லை ஓட்டினால் அந்தப் படலத்தில் முட்டி நின்றது.

மேலாளர் மோகனசுந்தரத்துக்கு நடுத்துண்டே போதும். எண்ணெய் தாராளமாக ஓடும் என்று வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிட்டார். அந்தக் கணக்கை நம்பித்தான் அவர்கள் அடுத்த கிணறு தோண்டப்போகிறார்கள். ஹஃப்ஸா அறிக்கையில் பெயர் போட மாட்டேன் என்றாள்.

"பேரப் போடு. இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்மா," என்றார் அவர். நாளைக்குத்தான் வாடிக்கையாளர் வருகிற நாள்.

பஸ்ஸில் வரும்போது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இந்தப் படிப்புக்கு இன்னொரு வேலை பக்கத்தில் எங்கேயும் கிடையாது. வேலை போனால் வீட்டில் அடுத்த பேச்சு கல்யாணம்தான். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. வீட்டில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பரீது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முழுக் கல்லையும் ஓட்டிப் பார்த்தாயா என்று மட்டும் விசாரித்தார். பார்த்தேன் என்றாள். அதோடு அவர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

காலையில் அவள் வழக்கம்போலப் பையை எடுத்தாள். அம்மா ஐசும்மா வாசலை மறித்தாள்.

"வர வேண்டாம்னு சொல்லிட்டாருன்னியே?"

"அவரு சொன்னாருங்கம்மா. நான் சரின்னு சொல்லலியே."

வாடிக்கையாளர் உள்ளே வந்தபோது கூட்ட அறையின் திரையில் முழுக் கல்லும் சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஹஃப்ஸா நின்றாள். மோகனசுந்தரத்தின் முகம் வெளிறியது. நடுத்துண்டின் படத்தை மட்டும் போடும்படி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவள் அவர் பக்கமே திரும்பவில்லை.

"வாங்கறதுக்கு முன்னால முழுசாக் கறந்து பாத்துக்குங்க," என்று வந்தவரிடம் சொல்லிவிட்டு, எண்ணெயை ஓட விட்டாள்.

சிவப்பு நிறத்தில் அது கீழிருந்து ஏறி வந்து, படலத்தில் முட்டி நின்றது. வந்தவர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி ஒருமுறை ஓட்டச் சொன்னார்.