சட்டையோடு வந்த தூசி

தெருவில் அவரைப் பாய்லர்க்காரர் என்றால்தான் தெரியும். அனல் மின் நிலையத்தில் நீராவிக் குழாய்களின் சூடு வெளியேறாமல் இருக்க ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நாரைச் சுற்றுவது அவர் வேலை. சாயங்காலம் அதன் தூசி படிந்து, புருவம்வரை மாவு பூசியதுபோல வீடு திரும்புவார். மனைவி அவரை வாசலிலேயே நிறுத்திச் சட்டையைக் கழற்ற வைப்பாள். அதைப் படபடவென்று உதறிய பிறகுதான் துவைக்கப் போடுவாள். சுத்தத்தில் அவள் கறார்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் கல்லுக்குண்டாகத்தான் இருந்தார். மூச்சு வாங்கியது அவளுக்கு. மாடிப்படி ஏறும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். வயசாகிவிட்டது என்று தட்டிக்கழித்துப் பார்த்தாள். நுரையீரலைச் சுற்றிக் கோத்திருந்த நீரை எடுத்துப் பரிசோதித்த டாக்டர், நுரையீரல் உறையில் புற்று என்றார்.

"கல்நார் தூசியில வேலை பார்த்தீங்களாம்மா?"

"நான் வேலைக்கே போனதில்ல டாக்டர்."

டாக்டர் அவள் கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க?"

அன்றிலிருந்து அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் மாத்திரை கொடுக்க வந்தவரின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நான்தானே கொண்டுவந்தேன்" என்றார் அவர்.

"நீங்க கொண்டுவந்தீங்க, நான் உதறினேன். தெரிஞ்சா செஞ்சோம்?"

தொழிலாளர் இழப்பீட்டு அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். தொழிலாளிக்கு நோய் வந்தால்தான் இழப்பீடு, மனைவிக்கு வந்தால் சட்டத்தில் இடமில்லையாம். மகள் விடவில்லை. வக்கீலைப் பிடித்து, கவனக்குறைவு என்று மின் நிலைய நிர்வாகத்தின்மேல் அம்மா பெயரில் தனியாக வழக்குப் போட்டாள்.

கோர்ட்டில் அவளைக் குறுக்கு விசாரணை செய்த நிர்வாகத்தின் வக்கீல் குழைந்து குழைந்து பேசினார். "தூசியை வீட்டுக்குக் கொண்டுவந்தது உங்க வீட்டுக்காரர்தானேம்மா? அப்போ தப்பு யார் மேல?"

பெஞ்சில் இருந்த கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கூண்டின் கம்பியைப் பிடித்து மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

"அவர் மேல வழக்குன்னா வீட்டுலயே போட்டிருப்பேன் சார். தீர்ப்பும் அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

நீதிபதிகூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"உங்க அதிகாரிங்க குழாய்ப் பக்கம் வந்தா முகமூடி போட்டுத்தான் வருவாங்களாம். அப்போ அது விஷம்னு அவங்களுக்குத் தெரியும். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. துணி மாத்த ஒரு ரூம் கொடுத்து, அங்கேயே துவைக்க வெச்சிருந்தா அந்தச் சட்டை என் கைக்கு வந்திருக்குமா?"

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. தெரிந்தே எச்சரிக்காமல் விட்டது நிர்வாகத்தின் தவறு என்று அதில் இருந்தது. மகள் அதைப் படித்துக் காட்டியபோது, "இன்னொரு தடவை படி" என்றாள்.

நிர்வாகம் மேல்முறையீட்டுக்குப் போய் இழுத்தடித்தது. அங்கேயும் தோற்று இழப்பீட்டைக் கொடுத்தபோது அவள் உயிரோடு இல்லை.

அதற்குள் விஷயம் தெரிந்து, உடன் வேலை பார்த்தவர்களின் மனைவிகள் சிலர் நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஒருத்திக்கு நுரையீரல் உறை தடித்திருந்தது. அவளையும் அவள் கணவனையும் அதே வக்கீலிடம் அழைத்துப்போனது பாய்லர்க்காரர்தான்.