பானுப்பிரியாவின் வலி நின்ற நாள்

எம். புதுப்பட்டிக்காரி பானுப்பிரியாவைப் பேதிக்குக் கொடுத்தே கொல்லப் பார்த்தார்கள். கொடுத்தவர்களில் ஒருவர்கூட அவளுக்கு விரோதி இல்லை. ஒருவர் கம்பெனி போர்மேன். இன்னொருவர் கட்டின புருஷன். அவளும் மறுக்காமல் வாங்கிக் குடித்தாள். அவள் உயிர் ஊசலாடியது பதினைந்து நாள். அதை யார் ஊசலாட விட்டார்கள் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அவளுக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. பெற்றவர்கள் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். இவள் பதினெட்டு முடிந்த கையோடு பட்டாசு ஆபீஸ் என்கிற கம்பெனிக்கு வந்தாள். பதினாறு வருஷமாக ஒரே வேலை, புஸ்வாணக் கூட்டுக்குள் மருந்து அடைப்பது. வெடிக் கலவையைத்தான் அங்கே மருந்து என்பார்கள். அலுமினியத் தூள் தலைமுடியிலும் காது மடலிலும் அப்பிக்கிடக்கும். சாயங்காலம் கடைக்குப் போகப் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர்கள் துணியை ஒதுக்கிக்கொள்வார்கள். "ஒட்டாதுக்கா, நல்லாச் சாஞ்சு உக்காருங்க. தீபாவளிக்கு நீங்க கொளுத்துததுதான் இது" என்பாள். அந்த வாய்க்காக அவளுக்கு ஆபீசில் வைத்த பெயர் மைக்செட்.

இந்தத் தூளுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். வாழைப்பழம். அந்தக் கம்பெனியில் நாலு மணிக்கு ஆளுக்கொரு பழம். தின்றால் உள்ளே போன தூளெல்லாம் வயிற்றோடு கழிந்துவிடுமாம். மூச்சு போகிற வழி வேறு, சோறு போகிற வழி வேறு என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. தொழிற்சங்கத்தில் இருந்த நாங்களும் சொல்லவில்லை. கேட் கூட்டத்தில் அந்தப் பழத்தைத் தின்றுவிட்டுத்தான் கோஷம் போட்டோம். முதலாளிக்கு இதைவிட வசதி ஏது? ஒரு தார் பழத்தைக் கட்டித் தொங்கவிட்டால் தொழிலாளியின் ஆரோக்கியத்தைப் பார்த்துக்கொண்டதாகக் கணக்கு. பழத்துக்கு அடங்காமல் வயிறு வலித்தால் அடுத்தது விளக்கெண்ணெய். போர்மேன் சங்கரபாண்டியனின் மேஜை டிராயரில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின சீசன் அது. ஆர்டர் குவிந்து கிடந்தது. குவிந்தது ஆர்டர் மட்டுமில்லை, கழிவும்தான். வீணான மருந்து, கிழிந்த காகிதம், தேறாத சரக்கு எல்லாவற்றையும் வேலிக்குப் பின்னால் குழியில் போட்டு எரிப்பார்கள். வாரம் ஒரு நாள் எரித்ததை அந்த மாதம் தினமும் எரித்தார்கள். மேல்காற்று அடிக்கிற மாதம். குழிக்கு நேர் கிழக்கேதான் தொழிலாளிகள் குடியிருக்கும் காலனி. பானுப்பிரியாவின் வீடும் அங்கேதான். பகலெல்லாம் தூளைச் சுவாசித்துவிட்டு வீடு திரும்புகிற பெண்களுக்கு அங்கே கந்தகப் புகை காத்திருக்கும். கொடியில் காய்ந்த துணியை உதறினால் கரித்தூள் விழும்.

கம்பெனியை நிர்வகிக்கிற முதலாளி மகன் மகேஷ்குமாரிடம் பானுப்பிரியா நேரே போய்க் கேட்டாள்.

"மொதலாளி, அந்தக் குழிய வேற பக்கம் வைக்கக் கூடாதா? புள்ளைக இருமிக்கிட்டே கெடக்கு."

"சீசன் முடியட்டும், பார்ப்போம். இருமல் ஊர் பூராந்தான் இருக்கு."

"ஊர் பூராவுந்தான எரிக்கீக?"

அவர் சிரித்துக்கொண்டே, "யாராவது இந்த மைக்செட்ட ஆஃப் பண்ணுங்கப்பா" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். குழி எரிந்தது.

ஒரு புதன்கிழமை பகல் பதினோரு மணிக்குப் பானுப்பிரியாவுக்குத் தொப்புளைச் சுற்றி வலி கிளம்பியது. மத்தியானம் தின்ற சோறு வாந்தியாக வந்தது. சங்கரபாண்டியன் வந்து பார்த்தார்.

"என்ன புள்ள, மருந்து ஏறிருச்சா?"

"அப்படித்தான் இருக்கு அண்ணாச்சி. சுத்திச் சுத்தி வலிக்கு."

"குடுக்குத பழத்த நீ எங்க திங்க? முந்தானையில முடிஞ்சு மகளுக்குல்ல கொண்டு போற." டிராயரைத் திறந்தார். "இந்தா, மூக்கப் பொத்திக்கிட்டுக் குடி. காலையில சுத்தமாயிருவ."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரட்டுமா?"

"வயித்து வலிக்கு ஆஸ்பத்திரியா? வெள்ளிக்கெழம லோடு ஏறணும் தாயி."

குடித்தாள். அன்று ஐந்து தடவை பேதியானது. வலி குறையவில்லை. இடம்தான் மாறியது. மறுநாள் காலையில் வலது பக்கம் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. நிமிர்ந்து நடக்க முடியவில்லை. புருஷன் சீனிச்சாமி வேறொரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவனும் பாட்டிலைத்தான் எடுத்தான்.

"ஏங்க, கால நீட்ட முடியல. ஒரே பக்கமாக் குத்துது."

"பதினாறு வருசத்து மருந்து ஒரு தடவையில போயிருமா? பாதிதான் கழிஞ்சிருக்கும். இன்னொரு மடக்குக் குடி."

இன்னொரு மடக்கும் குடித்தாள். வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி சுமாருக்கு வலி நின்றது. குழாயை மூடின மாதிரி நின்றது. எழுந்து முகம் கழுவி, கஞ்சி குடித்துவிட்டு, அரை நாள் கூலியாவது கிடைக்கட்டும் என்று ஆபீசுக்கே போய்விட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்க பாட்டிலுக்கு ஒரு கோயில் கட்டணும்" என்றாள் வாசலிலிருந்தே.

சங்கரபாண்டியன் பாட்டிலைத் தூக்கி மற்ற அறைப் பெண்களுக்கும் காட்டினார். "பாத்துக்கோங்க. டாக்டருகிட்ட போயிருந்தா ஊசி குத்தி ஒரு வாரம் படுக்கப் போட்டிருப்பான்."

மூன்றரை மணிக்கு அவளுக்குக் குளிர் எடுத்தது. நல்ல வெயில். பற்கள் கிட்டித்தன. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த இசைவாணி, இருபத்திரண்டு வயதுப் பெண், சேலையைத் தளர்த்திவிட வயிற்றில் கை வைத்தாள். பலகை மாதிரி இருந்தது. உடம்பு கொதித்தது. இசைவாணி கேட்டுக்கு ஓடினாள். பட்டாசு ஆபீசுக்குள் போன் கொண்டு போகக்கூடாது. எல்லார் போனும் கேட்டில் வாட்ச்மேனிடம் இருக்கும்.

"எம்போனக் குடுங்க, நூத்தெட்டுக்கு அடிக்கணும்."

பின்னாலேயே வந்த சங்கரபாண்டியன் மறித்தார். "ஏலே, குடுக்காத! ஏ புள்ள, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? சைரன் போட்டுக்கிட்டு வண்டி இந்த கேட்டுல வந்து நின்னா, வெடிச்சிருச்சுன்னு ஏழு ஊரு சனம் ஓடி வரும். பின்னாலயே ஆபீசருக வருவாக. சீசன் நேரத்துல பூட்டுப் போடச் சொல்லுதியா?"

"அவுக செத்துப் போவாக அண்ணாச்சி!"

"வயித்து வலியில யாரு செத்தா? ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஆட்டோ பிடி."

பட்டாசு வெடித்துச் செத்தால் மந்திரி வருவார், மாலை வரும், விசாரணை வரும். வயிற்றுக்குள் வெடித்தால் ஆம்புலன்ஸ்கூட கேட்டுக்கு வரக்கூடாது. இதுதான் இந்தத் தொழிலின் நியாயம். வயிறு கிழிந்த ஒரு பெண் முக்கால் கிலோமீட்டர் நடந்து போனாள். நடந்தாள் என்பதுகூடச் சரியில்லை. இசைவாணி பாதி தூரம் இழுத்தும் பாதி தூரம் சுமந்தும் போனாள்.

சிவகாசி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அறுவைச் சிகிச்சை டாக்டர் ஸ்ரீமதி கேட்டது இரண்டே கேள்வி.

"வலி எப்ப நின்னுச்சு?"

"இன்னைக்கு மத்தியானம்."

"பேதிக்கு ஏதாவது குடிச்சீங்களா?"

"நேத்து ஒரு தடவ. இன்னைக்குக் காலையில ஒரு தடவ."

டாக்டர் உடனே கையெழுத்து வாங்கச் சொன்னார். வயிற்றைத் திறந்து சீழை வழித்தெடுத்து, கழுவி, குழாய் வைத்தார்கள். பிறகுதான் டாக்டர், தகவல் கேட்டு வந்திருந்த சீனிச்சாமியை வெளியே உட்காரவைத்துச் சொன்னார். "குடல்வால் வீங்கியிருந்திருக்கு. அந்த நேரத்துல பேதிக்குக் கொடுத்தா குடல் முறுக்கும், வீங்கினது கிழிஞ்சிரும். வலி நின்னதும் சரியாயிருச்சுன்னு நெனச்சீங்கல்ல, கிழிஞ்ச நேரமே அதுதான்."

சீனிச்சாமி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாந்தான் டாக்டரம்மா ஊத்திக் குடுத்தேன்" என்றான். அதற்கு மேல் அவனைத் திட்ட எனக்கு மனமில்லை. திட்ட வேண்டியவர்கள் வரிசையில் அவன் கடைசி ஆள்.

காய்ச்சல் ஒன்பது நாள் இறங்கவில்லை. இரண்டாவது தடவையும் திறந்தார்கள். பதினைந்தாம் நாள்தான், பிழைப்பாள் என்று டாக்டர் வாய்விட்டுச் சொன்னார். அன்று சீனிச்சாமி கேட்டான். "இது அந்தக் குழிப் பொகையால வந்ததா?"

"காத்து மோசமான நாள்கள்ல குடல்வால் கேஸ் கூடுதுன்னு வெளிநாட்டுல சில ஆராய்ச்சி சொல்லுது. சிலதுல அப்படித் தெரியல. இவங்களுக்கு இதனாலதான்னு என்னால எழுதிக் கொடுக்க முடியாது. இல்லவே இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

நேர்மையான பதில். இதை எடுத்துக்கொண்டு மகேஷ்குமார் என்ன செய்தார் தெரியுமா? ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்து, கட்டிலருகே நின்று, "டாக்டரே புகையில்லைன்னு சொல்லிட்டாங்க. இது யாருக்கும் வர்றதுதான்" என்றார்.

பானுப்பிரியாவுக்குக் குரல் எழும்பவில்லை. குனிந்து கேட்க வேண்டியிருந்தது அவருக்கு.

"இல்லைன்னு சொல்லல மொதலாளி, தெரியலைன்னு சொன்னாக. என்ன செய்யும்னு தெரியாத ஒண்ண எம்புள்ள மூக்குல எதுக்கு ஊதுதீக?"

அவர் டப்பாவை வைத்துவிட்டுப் போனார்.

இருபத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். தெம்பு வந்ததும் ஒரு திங்கட்கிழமை சூலக்கரைக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். குழியை மூட வேண்டும், யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் வண்டி கேட்டுக்கு வர வேண்டும், இவ்வளவுதான் மனு. அதிகாரிகள் வந்தார்கள். இரண்டு வாரம் குழி எரியவில்லை. மூன்றாவது வாரம் எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

ஆறு மாதம் கழித்து அதே ஆபீசில் அதே வேலைக்குப் போனாள். வேறு எங்கே போவாள்? ஆனால் அறை அறையாகப் போய்ப் பெண்களிடம் வயிற்றுத் தழும்பைக் காட்டினாள். வலிக்கிற வயிற்றுக்குள் எதையும் ஊற்றாதீர்கள், வலி நின்றால் ஆஸ்பத்திரிக்கு இன்னும் வேகமாக ஓடுங்கள் என்றாள். எங்கள் சங்கம் முப்பது வருஷத்தில் அச்சடித்த நோட்டீஸ் எல்லாம் சேர்ந்தும் இவ்வளவு வேலை செய்ததில்லை.

இந்தச் சீசனில் இசைவாணிக்கு வயிறு வலித்தது. குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். சங்கரபாண்டியன் டிராயரைத் திறக்கிற சத்தம் கேட்டது. பானுப்பிரியா எழுந்து வெளியே வந்து ஒரு சத்தம் கொடுத்தாள். அறைக்கு நாலு பேராக அத்தனை பெண்களும் வேலையைப் போட்டுவிட்டு கேட்டுக்கு வந்து நின்றார்கள்.

"என்ன, ஸ்ட்ரைக்கா?"

"இல்ல அண்ணாச்சி. வண்டி வரணும். இவ ஏறணும். பெறகு நாங்க உக்காருவோம்."

"சைரன் கேட்டா ஊரு ஓடி வரும்னு ஒனக்கு எத்தன தடவ சொல்லணும்?"

"வரட்டும். வந்து பாக்கட்டும்."

நாற்பது நிமிஷம் ஒரு கை வேலை நடக்கவில்லை. மகேஷ்குமார் போனில் கத்தியது கேட்டுக்கு வெளியே கேட்டது. கடைசியில் லோடுக்குப் பயந்து அவரே சரி என்று சொல்ல, நூற்றெட்டு வந்தது, சைரனோடு. ஊர் ஓடி வந்தது. வயிற்று வலி என்று தெரிந்து திட்டிக்கொண்டே திரும்பிப் போனது.

ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் நன்றாக இருந்தது. வெறும் வாயுத் தொல்லை. மறுநாள் இசைவாணி வேலைக்கு வந்தபோது சங்கரபாண்டியன் கேட்டிலேயே காத்திருந்தார்.

"ஒண்ணுமில்லாததுக்கு அரை லோடு போச்சு. இப்பத் திருப்திதான மைக்செட்டு?"

"ரொம்பத் திருப்தி அண்ணாச்சி" என்றாள் பானுப்பிரியா. "ஒண்ணுமில்லன்னு சொல்லுததுக்கு டாக்டரு இருக்காக. நீங்க யாரு?"