பலூனம்மா பார்த்த கூரைகள்

நகராட்சியின் கட்டடத் திட்டப் பிரிவில் அவளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் வரைவாளர், அவள் கள ஆய்வாளர். பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் ஊரில் என்னை யாருக்கும் தெரியாது. அவளைக் கேட்டால் காய்கறிக் கடைக்காரர்கூட, "பலூனம்மாவா, இப்பத்தான் இந்தப் பக்கம் போச்சு" என்பார். எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

அவள் வேலை பார்க்கும் விதத்தால் வந்த பெயர் அது. பழைய கட்டடம் ஒன்றின் பின்னால் யாராவது புதிதாகக் கட்டப் போனால், அது எத்தனை அடி உயரமோ அத்தனை அடிக் கயிற்றில் சிவப்பு வாயு பலூன் ஒன்றைக் கட்டி, அந்த மனையில் பறக்க விடுவாள். பிறகு எதிர்த் தெருவுக்கு வந்து நிமிர்ந்து பார்ப்பாள். பழைய கூரைக்கு மேலே பலூன் எட்டிப் பார்த்தால், நாளைக்குப் புதுக் கட்டடமும் எட்டிப் பார்க்கும். ஒரு போட்டோ எடுப்பாள், அவ்வளவுதான், அந்த உயரத்துக்கு அனுமதி கிடையாது.

இதையே நான் காகிதத்தில், தெருவில் நிற்பவர் கண்ணிலிருந்து கூரை விளிம்பு வழியாகப் பார்வைக் கோடு போட்டு எத்தனை தடவை காட்டியிருப்பேன். "இதெல்லாம் யாருக்கு சார் புரியுது" என்று ஓரமாக வைத்தார் அதிகாரி. பலூனைப் பார்த்ததும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். என் வீட்டுக்காரியும் லேசுப்பட்டவள் இல்லை. "அந்தம்மா போட்டோ பேப்பர்ல வந்திருக்கு, பாத்தீங்களா?" என்று காலையிலேயே என் முன்னால் விரிப்பாள். பார்க்காமல் இருப்பேனா? மூன்று தடவை பார்த்தாயிற்று.

பலூனம்மா ஒரு தையல்காரர் மகள். கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்த்து, படிக்க வைத்து, வெளியூரில் கட்டிக்கொடுத்தாள். அலுவலகத்துக்கு ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. கையெழுத்துகூட என்னுடையதைவிட அழகு. எல்லாவற்றையும் ஒரே ஆளுக்கா அள்ளிக் கொடுக்க வேண்டும்?

போன வருஷம் விதிகளைத் தளர்த்தினார்கள். நான்கு மாடி வரை கட்ட அனுமதி வேண்டாம், தகவல் சொன்னால் போதும். பதினான்கு நாளுக்குள் நாங்கள் போட்டோவோடு ஆட்சேபம் எழுதினால்தான் வேலை நிற்கும். விட்டுவிட்டால் பழைய கட்டடத்துக்குப் பின்னால் எது வேண்டுமானாலும் எழும்பலாம்.

முதலில் வந்தது நூலகம். நூற்றிருபது வருஷத்து ஓட்டுக் கூரை, பின்னால் வெறும் வானம். அங்கே ஒருவர் நான்கு மாடியில் விடுதி கட்டப் போவதாகத் தகவல் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து அவள் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது.

"சார், நூலகத்தை மட்டும் நீங்க பாத்துடுங்க. வேற யாருகிட்டயும் குடுக்க மனசு வரல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் எப்போதும் விடியற்காலையில்தான் பலூன் விடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவளிடம் போய்க் கேட்பதா? பன்னிரண்டாம் நாள், டீ குடித்துவிட்டு, பதினொரு மணிக்குப் போனேன். ஜீப் டிரைவர் கயிற்றைப் பிடித்தார். காற்றில் பலூன் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. எதிர்த் தெருவிலிருந்து பார்த்தால் கூரைக்கு மேல் ஒன்றும் இல்லை.

"காத்து தள்ளுது சார். நாளைக்குக் காலைல வருவமா?" என்றார் டிரைவர்.

"கயித்தப் புடிங்க, போதும்" என்றேன். போட்டோ எடுத்தேன். 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் மேஜையில் உட்கார்ந்தவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பார்வைக் கோட்டைப் போட்டேன். விடுதி அந்தக் கோட்டைத் தாண்டி, கூரைக்கு மேலே ஆறடி எட்டிப் பார்த்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதே ஆறடி. இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அப்போது அவளே போன் செய்தாள்.

"பேரன் பொறந்திருக்கான் சார்."

"ரொம்ப சந்தோஷம் மேடம்."

"நூலகம் என்னாச்சு?"

"பலூன் வெளிய தெரியல மேடம். கூரைக்குக் கீழதான் இருக்கு."

"காத்து இருந்துச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விடியற்காலையில் இன்னொரு பலூன் விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பலூன்கூட விடத் தெரியவில்லை என்று அலுவலகமே சிரிக்குமே, அவள் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாளே, அதை யார் தாங்குவது?

"இலைகூட அசையல" என்றேன், கூசாமல்.

"அப்ப சரி. நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி."

விடுதி எழும்பிவிட்டது. ஓட்டுக் கூரைக்கு மேலே மொட்டைமாடிச் சுவர் நீளத்துக்கு நிற்கிறது. நேற்று அவள் எதிர்த் தெருவில் வெகுநேரம் நின்றுவிட்டு, நேராக என் மேஜைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஏமாத்திட்டாங்க சார். சொன்ன உயரத்தைவிட ஏத்திக் கட்டியிருக்காங்க. நீங்க பாத்தப்ப தெரியலையே, இப்ப எப்படித் தெரியும்? புகார் எழுதிட்டேன். நாளைக்கு அளக்கப் போறேன், டேப்போட இன்னொரு முனையை நீங்க புடிங்க."

வருகிறேன் என்றேன். கட்டியவர் ஓர் அங்குலம்கூட ஏற்றவில்லை.