கேஸ் குண்டத்துக்குக் கற்பூரம்

என் வீட்டுக்காரர் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். முப்பது வருடமாகக் கேஸோடு வாழ்கிறவர். இதை அவரே சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

போன பள்ளி விடுமுறையில் லேடாங் மலை அடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்கினோம். நாங்கள் இரண்டு பேர், தங்காக்கிலிருந்து வந்த என் நாத்தனார், அவள் கணவர். அங்கே விறகு எரிக்கத் தடை. அதனால் குளிர் காய இவர் இணையத்தில் ஒரு கேஸ் குண்டம் வாங்கியிருந்தார். பெரிய வடைச்சட்டி அளவில் ஓர் இரும்புத் தொட்டி, அதற்குள் கறுப்புக் கற்கள், பக்கத்தில் ஒரு திருகு, ஒரு பித்தான். ரப்பர் குழாயைக் கேஸ் தோங்கில், அதாவது சிலிண்டரில், மாட்டிப் பற்ற வைக்க வேண்டியதுதான்.

மாட்டுவதற்கு முன் எங்களை வரிசையாக நிறுத்தி ஐந்து நிமிடம் பேசினார். ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கை காட்டினார். அவர் காட்டிய பக்கம் ஆறு ஓடியது. குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடி போட்டுக்கொண்டு குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. பிறகு திருகைத் திறந்து பித்தானை அமுக்கினார். டிக். டிக். தீயும் வரவில்லை.

“பேட்டரி போட்டியா மச்சான்?” என்று கேட்டார் நாத்தனார் கணவர்.

“அலமாக்!” என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

காரில் பேட்டரி தேடப் போனவரை நாத்தனார் பாதியில் நிறுத்தினாள். “டேய் தம்பி, புதுச் சாமான்டா. பூஜை போடாம பத்த வைப்பியா? அதான் எரியல.”

எங்கள் குடும்பத்தில் மோட்டார் சைக்கிளோ துணி துவைக்கும் மெஷினோ, கற்பூரம் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். இவரும் பாதி வழியிலிருந்து திரும்பி வந்தார். நாத்தனாரின் கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழம், குங்குமம், தட்டு எல்லாம் வந்தன. மலைக்கு வந்தாலும் அந்தப் பை பூஜை அறைதான்.

நான் பாலில்லாத் தே-ஓ தேநீர் ஆறட்டும் என்று குவளையோடு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. இருபத்தைந்து வருடம் சமையலறையில் பழகிய வாடை. திருகை அவர் மூடவே இல்லை. அந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தொட்டிக்குள்ளேயே தேங்கிக்கொண்டிருந்தது.

சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். பஸ் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போனாலும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன். அதுவும் முப்பது வருடக்காரரிடம் போய்க் கேஸைப் பற்றி நான் என்ன சொல்வது? இப்படி யோசித்து முடிப்பதற்குள் நாத்தனார் கற்பூரத்தை ஏற்றித் தட்டைத் தம்பி கையில் கொடுத்துவிட்டாள். அவர் பக்தியோடு குண்டத்தை நோக்கி நடந்தார்.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கைதான் வந்தது. குறுக்கே போய்க் குவளையிலிருந்த தே-ஓ முழுவதையும் கற்பூரத்தின் மேல் ஊற்றினேன். பாதி அவர் சட்டையில்.

“ஐயையோ! எரியிற கற்பூரத்த அணைச்சிட்டாளே! பைத்தியமாடி உனக்கு?” என்று நாத்தனார் அலறினாள்.

“கேஸ் தொறந்திருக்கு அண்ணி!”

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. பக்கத்துக் கூடாரத்து மலாய்க்காரர் தலையை நீட்டிப் பார்த்தார்.

இவர் திருகைப் பார்த்தார். கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு ஆற்றுப் பக்கமாக இரண்டடி எடுத்து வைத்தார். நான்தான் போய்த் திருகையும் தோங்கையும் மூடினேன்.

“முப்பது வருஷம் லா, மச்சான்!” என்று நாத்தனார் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அரை மணி நேரம் காற்றாட விட்டோம். பேட்டரி கிடைக்கவில்லை. இவர் நீளமான லைட்டரை என்னிடம் நீட்டினார்.

“நீயே பத்த வை.”

முதலில் லைட்டரைக் காட்டி, பிறகு திருகை மெல்லத் திறந்தேன். வீட்டு அடுப்பு போலவே குப்பென்று பிடித்துக்கொண்டது.

“சாமிக்குத் தே-ஓ அபிஷேகம் பண்ணவ கையில எப்படி எரியுது பாரு,” என்றாள் நாத்தனார். ஆனால் முதல் ஆளாக நாற்காலியை இழுத்துப் போட்டுக் குளிர் காய்ந்தவளும் அவள்தான்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் மெதுவாகத் திருகுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். “லேசா குறைக்கிறேன். கேஸ் தீந்துடும்.”

“பேசாம உக்காருங்க,” என்றேன்.

உட்கார்ந்தார்.