பாவாவைப் பற்றி வந்த செய்தி

இந்த ஊரில் கைக்குழந்தையைத் தெருவில் விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறார்கள். கோபன்ஹேகனில் கடை வாசல்களில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். உள்ளே பிள்ளைகள், குளிர்காற்றில் மூக்கு சிவக்கத் தூங்கிக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பதறிவிட்டது. யாருடைய பிள்ளையோ, நான் காவல் நின்றேன். வெளியே வந்த தாய் என்னைப் பார்த்துச் சிரித்து, "குழந்தை அழுததா?" என்று கேட்டாள். "இல்லை, யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்?" என்றேன். "எதற்கு?" என்றாள். அடிப்பாவி!

இங்கே எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. இங்கும் டிவி உண்டு. எங்கேயோ வெளிநாட்டுக்காரன் ஒருவன் தப்பு செய்ததாகச் செய்தி வந்தால், மறுநாள் நெரிசலான பஸ்ஸிலும் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். முகத்தைப் பார்த்து ஒதுங்குவதோடு விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் பக்கத்தில் அப்படி விடவில்லை.

அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டையில் லுங்கி எடுத்து, மொபெட்டில் கட்டிக்கொண்டு, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் விற்பவர். சுருட்டை முடி, அடர்ந்த தாடி. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் மிட்டாய் மாமா. போனால் ஆளுக்கொரு கடலை மிட்டாய் தராமல் வரமாட்டார். அக்கா திருத்தணியில் வீட்டிலிருந்தபடியே, வாங்குகிற பெண்களையெல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தாள். புது டிசைன் வந்தால் அதில் போட்டோ போடுவாள்.

அப்போது ஒரு குரல்செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் அழுகிற குரலில் பேசுவாள். பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறதாம். மொட்டை அடித்துக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு, பக்தர்கள் மாதிரி திரிகிறதாம். எங்கள் ஊரில் மொட்டைத் தலைக்குப் பயந்தால் வீதியில் கால் வைக்க முடியுமா! கேட்டவுடன் சிரித்துவிட்டுப் போகவேண்டிய செய்தி. ஆனால் டிவியிலும் அதையே காட்டினார்கள், பயமுறுத்தும் இசையோடு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை. அதற்கப்புறம் யார் சிரிப்பார்கள்?

சில நாள் கழித்து, மூத்த மகளுக்கு ஜுரம் விட்டதற்காகப் பாவா மலைக்குப் போய் மொட்டை போட்டார். தாடி மீசையும் போயிற்று. மறுநாள் வழக்கம்போல வியாபாரத்துக்குக் கிளம்பினார். வழக்கம்போல ஒரு பிள்ளையிடம் மிட்டாயை நீட்டினார். அந்தப் பிள்ளைக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. வீறிட்டு அழுதது.

தொழிற்சாலை கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த வீடியோ எனக்கு வந்தது. முகம் வீங்கிய ஒரு மொட்டைத் தலை, சுற்றிச் சிவப்பு வட்டம், மேலே 'சிக்கினான்' என்று கொட்டை எழுத்து. குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். "லுங்கிக்காரன்மா நானு!" என்று பாவா கத்தினார். "லுங்கிக்காரர் பேரை எப்டித் தெரிஞ்சி வச்சிக்கினு வந்துக்கறான் பாரு" என்று எவனோ மறுபடி அடித்தான். பக்கத்திலிருந்த லார்ஸ் எட்டிப் பார்த்து, "சினிமாவா?" என்று கேட்டான். "என் அக்காவின் கணவர்" என்றேன். "ஓ, நடிகரா!" என்றான்.

பாவா பிழைத்தார். இடது காது கேட்காமல் போயிற்று. டிவிக்காரர்கள் அந்த வீடியோவை அலுக்க அலுக்கக் காட்டினார்கள். தப்பான ஆள் என்று தெரிந்தபோது அடியில் ஒரு வரி ஓடவிட்டதோடு சரி. அப்புறம் ஒருநாள் அக்கா போனில் உடைந்துபோனாள். "நான்தாண்டா அந்த மெசேஜ அனுப்சேன். பசங்க பயத்துல, நம்ம குரூப்புல நான்தான் போட்டேன். மொட்டை போட்டுக்கினு வந்தவருக்கு என் கையாலதாண்டா சந்தனமும் பூசினேன், அப்பக்கூட எனக்கு ஒறைக்கல. அவுருக்குத் தெரிஞ்சா என் மூஞ்சிய பாப்பாரா? சொல்லிடாதடா." சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

விடுமுறைக்குப் போனபோது பாவாவோடு அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். டிவிக்கு முதுகு காட்டி, நல்ல காதை என் பக்கம் வைத்து உட்கார்ந்தார். வியாபாரத்தை விட்டுவிட்டு அரக்கோணத்தில் ஒரு துணிக்கடைக் கிடங்கில் மடித்து அடுக்குகிறார். பிள்ளைகள் எதிரில் வந்தால் அந்தப் பக்கம் போய்விடுகிறார். "திரும்ப அந்த ஊருக்குப் போகலாமே பாவா, இப்ப எல்லாருக்கும் உண்மை தெரியும்" என்றேன்.

"அது இல்ல மச்சான்" என்றார். "அடிக்கும்போது ஒருத்தன் அவன் பொண்டாட்டி போன என் மூஞ்சிக்கு நேரா காட்டினான், பாரு உன்னப்பத்திதான் வந்துக்குதுன்னு. மேல உங்க அக்கா போட்டோ. அனுப்சது அவதான்."

"இவ என் பொண்டாட்டின்னு சொல்லியிருக்கலாமே பாவா" என்றேன்.

"ஆங், வாய் வரைக்கும் வந்துச்சி. சொன்னா அவளையும் கும்பல்ல சேத்துட்டு வூட்டாண்ட போயிடுவாங்களேன்னு பயம். பசங்க வேற இருக்குது. அடிக்கட்டும்னு வுட்டுட்டேன்." டீயைக் குடித்து முடித்தார். "அவளாண்ட சொல்லாத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா செத்துடுவா."

அவருக்கும் சத்தியம் செய்துவிட்டுத் திரும்பி வந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே வீட்டிலிருந்து எனக்கு இரண்டு போன் வருகிறது. அக்கா சமையல்கட்டிலிருந்து குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள், பாவா மாடியிலிருந்து. "அவுராண்ட எதுவும் சொல்லலியே?" என்கிறாள் அவள். "அவளாண்ட சொல்லலியே மச்சான்?" என்கிறார் அவர். இல்லை, இல்லை என்கிறேன். வெளியே இந்த ஊர்ப் பனி பெய்துகொண்டிருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்து அழவேண்டியதை, கடல் தாண்டி ஓர் அறையில் நான் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன்.